டென்ஸ் அட்டவணையில் மூன்றாம் கட்டத்தைத் தாண்ட முடியவில்லை, இங்கிலீஷை எங்கிருந்து தொடங்குவது?

செக்கிங்டேபிள் (திருப்பூர்) · திங்கள், இரவு 10.42

வணக்கமுங்க. நான் பெருமாநல்லூர்ப் பக்கம். பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். பனியன் கம்பெனியில் நாலு வருஷம் செக்கிங்கில் இருந்தேன். போன மாசம், ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசருக்கு உதவியாக மேலே ஆபீசுக்கு அனுப்பிவிட்டார்கள். துணியில் ஓட்டை, கறை, தையல் விட்டது என்றால் கையால் தடவியே சொல்லிவிடுவேன். பையருக்கு, அதாவது ஆர்டர் கொடுத்து வாங்குகிறவருக்கு, ஒரு மெயில் எழுது என்றால் கை ஓட மாட்டேன் என்கிறது. வெள்ளிக்கிழமை அனுப்பியது இது (டையிங் என்றால் சாயப்பட்டறை):

'டியர் சார், வீ ஆர் டிஸ்பாட்ச் சேம்பிள் எஸ்டர்டே. டிட் யூ ரிசீவ்ட்? ஃபேப்ரிக் இஸ் கம் ஃப்ரம் டையிங் டுமாரோ ஒன்லி. ஐ ஆம் ஹேண்டிலிங் திஸ் ஸ்டைல் சின்ஸ் ஒன் மந்த். கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்.'

சீனியர் படித்துவிட்டுச் சிரித்தார். என்ன தப்பு என்று கேட்டால் "எல்லாமே" என்றார். சரி என்று பஸ் ஸ்டாண்டு கடையில் இலக்கணப் புத்தகம் ஒன்று வாங்கினேன். திறந்ததும் 12 கட்டத்தில் டென்ஸ் அட்டவணை. இரண்டு கட்டம் போனேன். மூன்றாவதில் 'ஐ ஹேவ் ஈட்டன்' என்றால் "நான் சாப்பிட்டிருக்கிறேன்" என்று போட்டிருக்கிறது. அப்படி நான் எப்போது பேசினேன் என்று யோசித்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

கோர்ஸ் விளம்பரம் வேண்டாமுங்க. முதலில் எதைப் பிடிப்பது, அதை மட்டும் சொல்லுங்கள்.

ரிட்டயர்டு வாத்தியார் (கோபி) · 11.15

தம்பி, அந்த அட்டவணையை மூடி வையுங்கள். முப்பது வருஷம் அதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டவன் சொல்கிறேன். மூன்று காலம், ஒவ்வொன்றுக்கும் நாலு நிலை, ஆகப் பன்னிரண்டு. கணக்கு அழகாக இருக்கும், பிள்ளைகளும் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். மறுநாள் உன் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று இங்கிலீஷில் கேட்டால் 'மை ஃபாதர் ஃபார்மர்' என்று நிற்பார்கள். 'இஸ்' எங்கே, 'எ' எங்கே என்று தேடவேண்டியதுதான்.

நாலு போதும் இப்போதைக்கு. வழக்கமாக நடப்பது, இந்த நிமிஷம் நடப்பது, முடிந்துபோனது, இனி நடக்கப்போவது. 'வீ ஸ்டிட்ச்', 'வீ ஆர் ஸ்டிட்சிங்', 'வீ ஸ்டிட்ச்ட்', 'வீ வில் ஸ்டிட்ச்'. அதற்கும் முன்னால் 'ஆம், இஸ், ஆர்'. உங்கள் மெயில் வழுக்கியது அங்கேதான்.

மூன்றாம் கட்டத்தில் குற்றம் உங்கள்மேல் இல்லை. 'ஐ ஹேவ் ஈட்டன்' என்றால் "சாப்பிட்டாச்சு". வீட்டுக்கு வந்த ஒறம்பரையிடம் "சாப்பிட்டாச்சுங்களா?" என்று கேட்கிறோமே, அதேதான். ஒரே ஒரு வித்தியாசம். நாம் "நேத்தே அனுப்பியாச்சு" என்போம், யாருக்கும் உறுத்தாது. அவர்களுக்கு 'எஸ்டர்டே' வந்துவிட்டால் 'ஹேவ்' ஆகாது. 'வீ டிஸ்பாட்ச்ட் இட் எஸ்டர்டே', அத்தோடு சரி.

ரிக்வண்டி (திருச்செங்கோடு) · 11.31

இலக்கணமெல்லாம் எதுக்குங்க? போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் பதினோரு வருஷம் ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் என்று சுற்றினேன். இந்தியில் ஓர் எழுத்து படித்ததில்லை. டீக்கடையில் ஆரம்பித்து, டீசல் வாங்கி, போலீஸ்காரரிடம் பேசி, போர் போட்ட இடத்துக்காரரிடம் பாக்கி வசூல் பண்ணுகிற அளவுக்கு வந்துவிட்டது. இங்கிலீஷும் அப்படித்தான். வாயைத் திறந்தால் வரும்.

செக்கிங்டேபிள் · 11.38

அண்ணா, போர் போட்ட இடத்தில் கையைக் காட்டிப் பேசலாம். மெயிலில் கையை எங்கே காட்டுவது?

ரிக்வண்டி · 11.40

அதுவும் சரிதான்.

நொய்யல்கரை (ஒரத்துப்பாளையம்) · செவ்வாய், காலை 6.20

இரவு படித்தேன், பால் கறந்து ஊற்றிவிட்டு எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

வாத்தியார் சொன்ன நாலு காலம் சரி. ஆனால் தமிழ் மீடியம் ஆட்களுக்குக் காலம் பெரிய தொந்தரவே இல்லை. நமக்கும் மூன்று காலம் இருக்கிறது. தொந்தரவு வேறு இடத்தில். நம் வினைச்சொல்லுக்கு வால் உண்டு. வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தோம், வந்தது. வாலைப் பார்த்தால் யார் என்று தெரிந்துவிடும். "எப்ப வந்தீங்க?" "நேத்து வந்தேன்." பேச்சு முடிந்தது. நான், நீங்கள் என்று ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்லவே இல்லை பாருங்கள்.

இங்கிலீஷில் 'கேம்' என்றால் வந்தது ஆளா, ஆடா, லாரியா, ஒன்றும் தெரியாது. பழைய இங்கிலீஷில் வால் நிறைய இருந்தது. நானூறு வருஷம் முந்தின எழுத்தில்கூட 'தௌ ஹாஸ்ட்', 'ஹி ஹாத்' என்று வரும். அதெல்லாம் உதிர்ந்துபோய், 'ஆம், இஸ், ஆர்' கூட்டத்தை விட்டால், மிச்சம் நிற்பது நிகழ்காலத்து 'எஸ்' ஒன்றுதான். 'ஹி ஒர்க்ஸ்', 'ஷி ஒர்க்ஸ்', 'இட் ஒர்க்ஸ்'. வால் இல்லாத மாடு தலையை ஆட்டித்தான் ஈ ஓட்ட வேண்டும். அதனால்தான் அங்கே ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையில் ஆள் நிற்க வேண்டும். ஆளே இல்லாவிட்டாலும் ஒருவரை நிறுத்துவார்கள். மழை பெய்கிறது என்பதற்கு 'இட் இஸ் ரெய்னிங்'. யார் அந்த 'இட்'? யாரும் இல்லை. நாற்காலி காலியாக இருக்கக் கூடாது என்று உட்கார வைத்தது.

பெயர்ச்சொல்லுக்கும் இதே கதைதான். காங்கேயம், வெள்ளக்கோவில் பக்கம் பட்டிக்குள் தெருநாய் புகுந்து ஆட்டைக் கடிக்கிறது. "நாய் ஆட்டைக் கடித்தது" என்று சொல்லுங்கள், "ஆட்டை நாய் கடித்தது" என்று சொல்லுங்கள், கடிபட்டது ஆடுதான். ஆட்டில் ஒட்டியிருக்கிற 'ஐ' அதைக் காப்பாற்றும். (ஆட்டைக் காப்பாற்றவில்லை, அர்த்தத்தை.) இங்கிலீஷில் 'தி டாக் பிட் தி கோட்' என்பதை இடம் மாற்றினால் ஆடு நாயைக் கடித்ததாகிவிடும். அவர்களுக்கு அந்த 'ஐ' மாதிரி ஒன்று மிச்சம் இருப்பது 'ஹி' 'ஹிம்' ஆகிற மாதிரி சில சொற்களில்தான். மற்றதெல்லாம் நிற்கிற இடத்தை வைத்துத்தான். செய்தவர் முதலில், செய்தது நடுவில், செய்யப்பட்டது கடைசியில். நமக்கு வினை கடைசியில் வரும். அதனால் நடுவில் வினையைக் கொண்டுவந்து வைக்கக் கை கூசும். ஒரு வாரம் பழகினால் கூச்சம் போய்விடும்.

இப்போது உங்கள் மெயிலைப் பாருங்கள். 'டிட் யூ ரிசீவ்ட்?' எதை? தமிழில் "கிடைச்சுதுங்களா?" என்றாலே போதும். அங்கே 'ரிசீவ்' பக்கத்தில் 'இட்' வேண்டும். இல்லாவிட்டால் படிக்கிறவர் அடுத்த சொல்லுக்குக் காத்துக்கொண்டே இருப்பார்.

விசயமங்கலத்தான் · 7.05

நொய்யல்கரை சொல்கிற 'ஐ' இரண்டாம் வேற்றுமை. வேற்றுமை எட்டையும் நமக்கு நூற்பாவாகக் கட்டிக் கொடுத்த நன்னூல்காரர் பவணந்தி முனிவர் எங்கள் பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று சொல்வார்கள். இலக்கணம் எதுக்குங்க என்று இந்த மண்ணில் நின்றுகொண்டு கேட்கலாமா, ரிக்வண்டி?

ரிக்வண்டி · 7.12

அய்யோ சாமி, நான் ஓர் ஓரமா படிச்சுக்கறனுங்க.

கொடிவேரி அம்மிணி · 9.50

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வந்தேன். வீட்டில் சாயங்காலம் பதினைந்து பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். இந்த 'ஆர் டிஸ்பாட்ச்', 'இஸ் கம்' இரண்டும் நான் தினமும் சிவப்பு மையில் சுழிக்கிற தப்புகள்.

இது எப்படி வருகிறது என்றால், "அவர் டாக்டர்" என்று தமிழில் சொன்னால் முழு வாக்கியம், வினையே வேண்டாம். பிள்ளை முதலில் 'ஹி டாக்டர்' என்று எழுதும். 'இஸ்' எங்கே என்று நாம் திட்டுவோம். திட்டு வாங்கின பிள்ளை அடுத்த நாளிலிருந்து எல்லா இடத்திலும் 'இஸ்' போட ஆரம்பிக்கும். 'ஹி இஸ் கோ', 'ஷி இஸ் கம்'. தம்பி, உங்களையும் யாரோ ஒரு டீச்சர் நன்றாகத் திட்டியிருக்கிறார்.

'இஸ், ஆர்' பின்னால் வெறும் வினை வராது. 'இங்' வால் போட்டு வரலாம்: 'வீ ஆர் டிஸ்பாட்சிங்', அனுப்பிக்கொண்டிருக்கிறோம். மூன்றாம் வடிவத்தில் வரலாம், ஆனால் அப்போது சேம்பிள் முன்னால் போய்விடும்: 'தி சேம்பிள் இஸ் டிஸ்பாட்ச்ட்', அனுப்பப்படுகிறது. நீங்கள் சொல்ல வந்தது நேற்று அனுப்பினோம் என்பதுதானே? 'ஆர்' எதற்கு? 'வீ டிஸ்பாட்ச்ட்'. முடிந்தது.

அப்புறம் 'டிட் யூ ரிசீவ்ட்'. டவுன் பஸ்ஸில் இரண்டு பேர் ஏறினால் ஒருத்தர் டிக்கெட் வாங்குவார், "ரெண்டு பேருக்கும் சேர்த்துங்க" என்பார். 'டிட்' ஏறிய வாக்கியத்தில் இறந்தகால டிக்கெட்டை அதுவே வாங்கிவிட்டது. 'ரிசீவ்' மறுபடி வாங்க வேண்டாம். 'டிட் யூ ரிசீவ்'. 'டஸ்' வந்தாலும் இதே கதை: 'தி மெஷின் ரன்ஸ்', ஆனால் 'டஸ் தி மெஷின் ரன்?' 'எஸ்' டிக்கெட் 'டஸ்' கையில்.

பிள்ளைகள் இது என்ன டீச்சர் புதுசா என்பார்கள். புதுசு இல்லை. "போனேன் இல்லை" என்று யாராவது சொல்கிறோமா? "போகவில்லை" என்கிறோம். 'இல்லை' வந்ததும் 'போ' தன் வாலைக் கழற்றிவைத்துவிட்டு வெறும் 'போக' என்று நிற்கிறது. 'டிட் நாட் கோ' என்பதில் 'கோ' நிற்கிற மாதிரியே.

செக்கிங்டேபிள் · மதியம் 1.20

அம்மிணி, டிக்கெட் கணக்கு மண்டையில் ஏறிவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் பழைய மெயில்களை எடுத்துப் பார்த்தேன். 'டிட் யூ செக்ட்', 'டிட் நாட் கேம்', 'டஸ் நாட் மேட்சஸ்'. ஒரு பஸ் முழுக்க டிக்கெட் வாங்கி வைத்திருக்கிறேன்.

ஒரு சந்தேகம். 'எஸ்' போட்டால் பன்மை என்றுதானே படித்தோம்? 'ஹி ஒர்க்ஸ்' ஒருத்தருக்கு எப்படி 'எஸ்'?

ரிட்டயர்டு வாத்தியார் · 2.05

எழுத்து ஒன்று, வேலை இரண்டு. பெயரில் ஏறினால் பன்மை, வினையில் ஏறினால் ஒருமை. நான் வகுப்பில் சொல்வது: வீட்டில் ஒரே குடை, ஒருத்தர்தான் எடுத்துக்கொண்டு போகலாம். 'தி மெஷின் ரன்ஸ்', 'தி மெஷின்ஸ் ரன்'. 'மென்', 'சில்ட்ரன்' மாதிரி எஸ் இல்லாத பன்மைகளுக்கு இந்தக் குடை உதவாது, அவற்றைத் தனியாகப் பழக வேண்டும். உங்கள் ஆபீஸ் வேலைக்குக் குடை போதும்.

'சின்ஸ் ஒன் மந்த்' பற்றி யாரும் சொல்லவில்லையே. "ஒரு மாசமாக", "ஆடியிலிருந்து", இரண்டும் தமிழில் வேறு வேறு உருபுதானே? 'ஆக' வந்தால் 'ஃபார்', 'இருந்து' வந்தால் 'சின்ஸ்'. 'ஃபார் ஒன் மந்த்', 'சின்ஸ் ஜூலை'. இன்னொரு சங்கடமும் அதே வாக்கியத்தில் இருக்கிறது. "ஒரு மாசமாகப் பார்க்கிறேன்" என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதை அவர்கள் 'ஐ ஹேவ் பீன் ஹேண்டிலிங்' என்பார்கள். அன்று தொடங்கி இன்னும் ஓடுகிற வேலை என்று காட்ட அந்த 'ஹேவ் பீன்' வேண்டும். இதை இப்போதைக்கு ஒரு துண்டாக அப்படியே மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள். ஏன் எப்படி என்பதை அடுத்த வருஷம் பார்க்கலாம்.

காந்திபுரம் ஐடி · 3.30

'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்' என்பதை முதலில் தூக்குங்கள் பாஸ். வெளிநாட்டுக்காரர்கள் மீம் போட்டுச் சிரிக்கிறார்கள். அது தப்பான இங்கிலீஷ்.

ரிட்டயர்டு வாத்தியார் · 3.52

தப்பு இல்லை, பழசு. வெள்ளைக்காரன் ஆபீசில் குமாஸ்தாக்கள் எழுதிய கடித நடை அது. அவன் ஊரில் வழக்கொழிந்துவிட்டது, நம் தாலுகா ஆபீஸ்களில் தங்கிவிட்டது. அப்பிச்சி வேட்டி மாதிரி: கிழியவில்லை, ஆனால் இன்டர்வியூவுக்குக் கட்டிக்கொண்டு போக முடியாது.

காந்திபுரம் ஐடி · 3.58

கடைசியில் எடுக்கத்தானே வேண்டும்? நானும் அதைத்தானே சொன்னேன்.

ரிட்டயர்டு வாத்தியார் · 4.03

தப்பு என்று சொன்னீர்கள். அதற்குத்தான் மறுப்பு.

நொய்யல்கரை · இரவு 8.45

அந்த வரியை எடுக்கச் சொல்ல வேறு காரணம் இருக்கிறது. 'நீட்ஃபுல்' என்றால் என்ன செய்ய வேண்டும் என்று பையருக்குத் தெரியாது. வேண்டியதைச் சொல்லிக் கேளுங்கள்: 'குட் யூ ப்ளீஸ் கன்ஃபர்ம் தி கலர் பை ஃப்ரைடே?' 

இந்தக் 'குட்', 'வுட்' இரண்டும்தான் அவர்கள் ஊர் 'ங்க'. நாம் "வாங்க, சொல்லுங்க, சரிங்க" என்று வாக்கியத்துக்கு வாக்கியம் 'ங்க' போட்டே வளர்ந்தவர்கள். இங்கிலீஷ் எழுதும்போது 'ங்க' இல்லாமல் மரியாதைக் குறைவாகத் தோன்றுகிறது, உடனே 'சார்' போட்டு நிரப்புகிறோம். 'எஸ் சார், ஓகே சார், சென்ட் சார்'. இத்தனை சார் வேண்டாம். 'கேன்' என்பதைக் 'குட்' ஆக்கினால் அதுவே 'ங்க'. இத்தனைக்கும் 'யூ' என்பது முதலில் 'நீங்கள்'தான். 'நீ'க்குத் 'தௌ' என்று தனிச் சொல் இருந்தது. அது பொதுப் பேச்சிலிருந்து போய் முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது அவர்கள் நாயைக்கூட நீங்கள் என்றுதான் கூப்பிடுகிறார்கள். கொங்கு நாட்டுக்காரனுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

தம்பி, பையர் எந்த ஊர்?

செக்கிங்டேபிள் · 9.10

ஸ்பெயினுங்க. அவர் மெயிலிலும் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும். 'ப்ளீஸ் சென்ட் தி சேம்பிள். இஸ் வெரி அர்ஜெண்ட்' என்று எழுதுவார். அவர் பெரிய ஆள், அதுதான் சரி போலிருக்கிறது என்று நானும் இரண்டு முறை 'இஸ் ரெடி' என்று எழுதிவிட்டேன்.

நொய்யல்கரை · 9.18

அடடா. அவருக்கும் நம்ம வியாதிதான்! ஸ்பானிஷ் மொழி வினைக்கும் வால் உண்டு. வந்தேன் என்பதற்கு ஒரே சொல், நான் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 'இட்' மாதிரி காலி நாற்காலி ஆளும் அங்கே கிடையாது. அதனால்தான் 'இஸ் வெரி அர்ஜெண்ட்'. 'இட் இஸ்' என்றுதான் இருக்க வேண்டும். அவரைப் பார்த்து எழுதாதீர்கள், அவரும் உங்களை மாதிரிக் கற்றுக்கொண்டு எழுதுகிறவர்.

கொடிவேரி அம்மிணி · 9.40

'எ, ஆன், தி' விட்டுப்போச்சு. மெயிலில் வெறும் 'சேம்பிள்', வெறும் 'ஃபேப்ரிக்' என்று இருக்கிறது.

'எ, ஆன்' நமக்குச் சுலபம். எழுத்துத் தமிழில் ஒரு மாடு, ஓர் ஆடு என்று எழுதுகிறோமே, அதே மாதிரி உயிர் ஒலிக்கு முன்னால் 'ஆன்'. எழுத்தைப் பார்க்காதீர்கள், காதால் கேளுங்கள். 'ஆன் ஆர்டர்', 'ஆன் ஹவர்', 'ஆன் எக்ஸெல் சைஸ்'. ஆனால் 'எ யூனிட்', 'எ யூரோ', ஏனென்றால் 'யூ' நம் காதுக்கு யகரத்தில் தொடங்குகிறது.

'தி'தான் கஷ்டம். எனக்கே நாலு வருஷம் ஆச்சு. ஒரு குறுக்கு வழி சொல்கிறேன், எல்லா இடத்துக்கும் வராது. "காபி குடிச்சேன்" என்பதற்கும் "காபியைக் குடிச்சேன்" என்பதற்கும் வித்தியாசம் தெரிகிறதல்லவா? இரண்டாவதில் அந்தக் காபி எது என்று கேட்பவருக்கும் தெரியும். "சேம்பிள் அனுப்பினோம்" என்றால் ஏதோ ஒரு சேம்பிள், 'எ சேம்பிள்'. "சேம்பிளை அனுப்பினோம்" என்றால் அவர் கேட்டிருந்த அதே சேம்பிள், 'தி சேம்பிள்'. அஃறிணையில் 'ஐ' இயல்பாக ஒட்டினால் அங்கே 'தி' போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பொருந்தும்.

ரிட்டயர்டு வாத்தியார் · 9.55

முப்பது வருஷம் பாடம் நடத்தினேன், இது எனக்குத் தோன்றவில்லை. நன்றி அம்மிணி.

காந்திபுரம் ஐடி · 10.10

'டுமாரோ ஒன்லி' யாரும் தொடவில்லை. அது "நாளைக்குத்தான்" என்பதன் 'தான்'. தமிழில் 'தான்' பின்னால் ஒட்டும் என்பதால் 'ஒன்லி'யையும் பின்னால் ஒட்டுகிறோம். நான் எட்டு வருஷம் 'ஐ ஆம் இன் கோயம்புத்தூர் ஒன்லி' என்று சொல்லிக்கொண்டிருந்தவன். 'ஒன்லி'யை எடுத்தால் பாதி இடங்களில் நஷ்டமே இல்லை. நாளைக்கு முன்னால் வராது என்று அழுத்த வேண்டுமானால் 'நாட் பிஃபோர் டுமாரோ' என்று எழுதலாம். வரப்போவதால் 'வில் கம்'.

செக்கிங்டேபிள் · புதன், மதியம் 12.30

சீனியரிடம் காட்டாமலே அனுப்பிவிட்டேன். நானே ஒரு தாளில் செக்கிங் மாதிரி வரி வரியாகத் தடவிப் பார்த்து:

'டியர் சார், வீ டிஸ்பாட்ச்ட் தி சேம்பிள் லாஸ்ட் தர்ஸ்டே. டிட் யூ ரிசீவ் இட்? தி ஃபேப்ரிக் ஃபார் தி பல்க் ஆர்டர் வில் கம் ஃப்ரம் டையிங் டுமாரோ. குட் யூ ப்ளீஸ் கன்ஃபர்ம் தி கலர் பை ஃப்ரைடே?'

ஒரு மாசமாக நான்தான் இந்த ஸ்டைலைப் பார்க்கிறேன் என்ற வரியை எடுத்துவிட்டேன். அது அவருக்கு எதற்கு என்று தோன்றியது.

ரிட்டயர்டு வாத்தியார் · 12.41

ஒரு சுழி போட இடமில்லை. சார் ஒன்றே ஒன்றுதான், அதுவும் மேலே. பலே.

ரிக்வண்டி · 12.50

பையர் என்ன சொன்னாருன்னு எழுதுங்க தம்பி. நானும் காத்துக்கிட்டு இருக்கேன்.

செக்கிங்டேபிள் · இரவு 7.15

இப்போதுதான் வந்ததுங்க. 'சேம்பிள் ரிசீவ்ட். இஸ் குட். கலர் இஸ் ஓகே, ப்ளீஸ் ப்ரொசீட்.'

'இட்' எங்கே என்று கேட்டு எழுத விரல் துடித்தது. எழுதவில்லை. துணி நாளைக்கு வருகிறது, வெள்ளிக்கிழமை கட்டிங் போடுகிறோம்.